உலகிறுதிக் கணக்கும் உயிரிரக்கமும்

உலகம் ஒருநாள் ஒடுங்கும் என்னுங் கொள்கை பல சமயங்கட்கும் பொதுவாயது. அது மனிதனை அறத்தின்பாற் செலுத்துதலும் உண்டு. அறத்தினின்றும் விலக்குதலும் உண்டு. விலக்குமாற்றிற்கு ஐக்கிய அமெரிக்காவில் 19 ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த வரலாறொன்று தக்க சான்றாகும்.

நியூயோர்க் மாநிலத்து உழவராகிய வில்லியம் மில்லர் (1782–1849), விவிலியத்துத் தானியேல் நூலிற் கூறப்பட்ட 2,300 நாட்களை 2,300 ஆண்டுகளாகக் கொண்டு, கி. மு. 457 இலிருந்து எண்ணி, 1843 ஆம் ஆண்டளவிற் கிறித்து மீண்டும் வருவார் எனக் கணித்தார். குறித்த காலம் வறிதே கழிய, அவரைப் பின்பற்றினோர் 1844 ஒக்டோபர் 22 ஆம் நாளை முடிந்த நாளாகக் கொண்டனர். பல்லாயிரவர் அதனை நம்பினர். சிலர் விளைந்த பயிரை அறுக்காது விட்டனர். சிலர் கடைகளை அடைத்தனர். அந்நாளுங் கழிந்தது, மறுநாள் ஞாயிறு வழக்கம்போல் எழுந்தது. வரலாற்றாசிரியர் இதனைப் 'பேரேமாற்றம்' என்பர்.

அக்காலத்தே அந்நாட்டில், 1840 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, ஏறக்குறைய 25 இலட்சம் மக்கள் அடிமைகளாயிருந்தனர். மில்லரின் கொள்கையைப் பரப்பினோருள் முதன்மையானவராகிய யோசுவா ஹைம்ஸ் அடிமை ஒழிப்பியக்கத்தில் உழைத்தவர். அத்தகையோரது ஆற்றலின் பெரும்பகுதி நாட்கணக்கின்பாற் சென்றது. நாளை அழியும் உலகில் இன்றைய விலங்கை ஒடிப்பானேன் என்னும் எண்ணம் எளிதிற் புகுவதொன்று. ஆயின், அவ்விலங்கு வானத்து அடையாளங்களால் ஒடிந்திலது. மாந்தர் பல்லாண்டு உழைத்தபின், பெரும்போர் ஒன்றின் முடிவில், 1865 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தமே அதனை ஒடித்தது.

இதுகொண்டு கிறித்தவத்தை இகழ்தல் முறையன்று. மத்தேயு நூலின் 24 ஆம் அதிகாரம் அந்நாளை எவரும் அறியார் என்கின்றது. 25 ஆம் அதிகாரத்து இறுதித் தீர்ப்பில் வினாவப்படுவதும் நாட்கணக்கன்று. பசித்தார்க்கு உணவளித்தமையும், நோயுற்றாரையுஞ் சிறைப்பட்டாரையுஞ் சென்று கண்டமையுமேயாம்.

சைவ சித்தாந்தமோ, சங்காரத்தை இறைவனது சினமெனக் கொள்ளாது, பிறந்திறந்து இளைத்த உயிர்கட்கு அவன் அருளும் இளைப்பாற்றெனக் கொள்ளும். புராணக் கணக்கின்படி கலியுகம் 4,32,000 ஆண்டு. கழிந்தது 5,100 ஆண்டுக்குச் சற்றே மேற்பட்டது. அங்ஙனமாகவும், 'கலி முற்றிற்று' எனக்கூறி அநீதியைக் கண்டுங் காணாதிருத்தல் சைவரிடையும் உண்டு. மில்லரின் வழியினர் உலகம் விரைவில் முடியுமென்று கைசோர்ந்தனர். இவர் உலகம் இப்படித்தான் இருக்குமென்று கைசோர்வர். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் தாழ்த்தப்பட்டோர் உள்நுழையும் உரிமை கேட்டு நின்றனர். அவரைத் தடுத்தது கலியன்று, மனிதரே.

திருவீழிமிழலையில் வற்கடம் வந்துற்றபோது, அப்பரும் சம்பந்தரும் அதனை உலகிறுதியின் அறிகுறியாகக் கொண்டிலர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. இறைவன்பாற் பெற்ற பொற்காசினால் நாடோறும் அடியார்க்கு அமுதளித்தனர் எனப் பெரியபுராணங் கூறும். ஊழி என்று வரும் என்பது ஒருவர்க்கும் விளங்காது. அயலான் பசித்திருத்தலோ எவர்க்கும் விளங்கும். விளங்கியதை விடுத்து விளங்காததை எண்ணிக் காலங்கழித்தல் சமயமாகாது.