காலைக் காக்குமா இந்தக் கம்பி?

“நல்ல கனமான கார்டாகப் பார்த்துப் போடுங்கள், மேஸ்திரி! பையன் ஓட்டப் போகிறான். கால் முறிந்துவிடக் கூடாது, பாருங்கள்!”

இப்படிச் சொன்னவர் ஒரு பாங்கு ஊழியர். சொன்ன இடம், சென்னை ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்னஞ்சிறு மோட்டார் சைக்கிள் பட்டறை. அவர் அருகில் கம்பீரமாக நின்றது, அவருடைய தகப்பனார் 1968-ம் ஆண்டில் வாங்கிய ‘புல்லட்’ வண்டி. தகப்பனார் இப்போது இல்லை. வண்டி இருக்கிறது. பேரன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். “போனால் தாத்தா வண்டியில்தான் போவேன்” என்று அவனுக்கு ஒரே பிடிவாதம்!

மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்:

“கார்டு போட்டால் கால் முறியாது என்று உங்களுக்கு யார் சார் சொன்னது?”

பாங்குக்காரர் திகைத்துவிட்டார். எனக்கும் திகைப்புத்தான். நானும் இத்தனை நாளாக அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்!

திருவொற்றியூர்ப் பிள்ளை

‘புல்லட்’ பிறந்த ஊர் இங்கிலாந்தில் உள்ள ரெட்டிச். ஆனால் வளர்ந்தது நம்முடைய திருவொற்றியூரில். 1955-ம் ஆண்டில் ‘என்பீல்டு இந்தியா’ கம்பெனி தோன்றியது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. திருவொற்றியூர்ப் பிள்ளையோ நிலைத்து நின்றுவிட்டது!

வண்டிக்கு ஒரே சிலிண்டர், 346 சி.சி. எடை 160 கிலோவுக்கு மேல். அது சரிந்தால் ஓர் ஆள் பிடித்து நிறுத்துவது எளிதல்ல. இடப்பக்கம் விழுந்தால் பிரேக் மிதி வளையும். செயின் கேஸ் அடிபட்டு எண்ணெய் ஒழுகும். வலப்பக்கம் விழுந்தால் கியர் லீவர் மடங்கும், சைலன்சர் நசுங்கும்.

இங்கேதான் கார்டு கைகொடுக்கிறது. வண்டி சாயும்போது முதலில் தரையைத் தொடுவது இந்தக் கம்பிதான். அது வண்டியைத் தாங்கிக்கொள்கிறது. எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது. மெதுவாகப் போகும்போதோ, நின்ற இடத்திலோ விழுந்தால், அந்த இடைவெளியில் பாதம் தப்பித்துக்கொள்ளும்.

“அப்படியானால் கால் தப்புகிறதே?” என்றேன்.

“சாய்ந்து விழுந்தால் தப்பும், தம்பி. மோதி விழுந்தால்?” என்று மேஸ்திரி திருப்பிக் கேட்டார்.

900 விபத்துகள் சொன்ன உண்மை

அவர் அனுபவத்தில் கண்டதை ஆராய்ச்சியாளர்களும் கண்டிருக்கிறார்கள். 1976, 1977-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளைத் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் குழுவினர் சம்பவ இடத்துக்கே சென்று ஆராய்ந்தார்கள். 1981-ல் அறிக்கை வெளிவந்தது.

கார்டு உள்ள வண்டிகளில் பாதத்துக்கும் கணுக்காலுக்கும் அடி குறைந்திருந்தது. ஆனால் முழங்கால், கெண்டைக்கால், தொடை ஆகியவற்றுக்கு அடி கூடியிருந்தது! இங்கே லாபம், அங்கே நஷ்டம். கூட்டிக் கழித்தால் கணக்கு சரியாகிவிட்டது.

காரணம் என்ன? எதிரே வரும் வாகனத்தில் மோதினால் வண்டி நின்றுவிடும், ஓட்டியவர் நிற்கமாட்டார். முன்னால் பாய்வார். அப்போது அவர் கால் அந்தக் கம்பியிலேயே போய் மோதும்.

தலைக்கவசத்தைப் பற்றியோ அதே அறிக்கை கொஞ்சமும் சந்தேகமின்றிச் சொல்கிறது: தலைக்காயத்தைத் தடுப்பதில் அதற்கு இணை வேறில்லை.

மேஸ்திரியின் இடது கால்

மேஸ்திரி எழுந்து நடந்தபோது இடது காலை லேசாக இழுப்பதைக் கவனித்தேன். என் பார்வையை அவர் புரிந்துகொண்டார்.

“இதுவும் கார்டு செய்த வேலைதான். இருபத்தைந்து வயதில், ஒரு வண்டியில் அவசரமாகக் கார்டைப் பூட்டி, ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். கிளாம்ப் கொஞ்சம் பெரிது. காகிதத்தை மடித்துச் செருகி முடுக்கியிருந்தேன். திருப்பத்தில் வண்டி சறுக்கிற்று. கார்டு அப்படியே பின்னால் திரும்பி, பிரேக் மிதியோடு சேர்த்து என் பாதத்தைக் கவ்விக்கொண்டது. கார்டு இல்லாதிருந்தால் சிராய்ப்போடு போயிருக்கும்!”

அன்று முதல் அவர் தமக்கென்று சில விதிகளை வைத்திருக்கிறார். பாங்குக்காரரின் வண்டியில் அவர் கார்டு பூட்டியதைக் கூடவே இருந்து பார்த்தேன்.

முதலில் எஞ்சினுக்கு முன்னால் இறங்கும் பிரேம் குழாயைத் துடைத்து, துருவோ விரிசலோ உண்டா என்று விரலால் தடவிப் பார்த்தார். குழாயின் அளவுக்குக் கச்சிதமான கிளாம்பை எடுத்து, பெயிண்ட் உரியாமல் மெல்லிய ரப்பரைச் சுற்றினார். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துத் தாங்கிய பிறகே, முன்தட்டின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றினார். கார்டின் கனமும் சேருவதால் பழைய போல்ட் நீளம் போதாது. நீளமான போல்ட் போட்டார். எல்லா நட்டுகளையும் முதலில் கையாலேயே திருகிவிட்டு, கார்டு இயல்பாக உட்கார்ந்த பின்னர்தான் ஸ்பானரை எடுத்தார். இழுத்துப் பிடித்து முடுக்கினால், வண்டியின் அதிர்விலேயே வெல்டிங் விட்டுவிடுமாம்.

“கார்டைப் பிரேமோடு பற்ற வைத்துவிட்டால் என்ன?” என்று கேட்டேன்.

“ஐயையோ! விழுந்தால் வளைய வேண்டியது கார்டு, தம்பி. பிரேம் அல்ல! கார்டு போனால் வேறு வாங்கலாம். பிரேம் கோணினால் வண்டியே போச்சு!”

பிறகு ஹாண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பினார். முன்பக்கத்தை அழுத்தி, மட்கார்டு கார்டில் இடிக்கிறதா என்று பார்த்தார். பையனை ஏறி உட்காரச் சொல்லி, மிதிகளுக்குக் கால் தடையின்றிப் போகிறதா என்று கவனித்தார்.

அப்போதுதான் ஒரு விஷயம் வெளிப்பட்டது. “பிரேக் போடு!” என்றார் மேஸ்திரி. பையன் வலது காலை அழுத்தினான். இந்தக் காலத்து வண்டிகளில் பிரேக் வலப்பக்கம். அந்தப் பழைய புல்லட்டிலோ வலப்பக்கம் இருப்பது கியர், பிரேக் இடப்பக்கம்!

“பார்த்தீர்களா சார்? நூறு கார்டு போட்டாலும் இதற்கு ஈடாகுமா? ஒரு மாதம் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகட்டும். அப்புறம் ரோட்டுக்கு வரலாம்” என்றார். பாங்குக்காரரின் முகம் வெளுத்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

பின்னால் ஆள் ஏறும் மோட்டார் சைக்கிளில் கைப்பிடியும், கால் வைக்கும் மிதியும், சேலை சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் காப்பும் இருக்கவேண்டும் என்பது 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி. தலைக்கவசம் 1988-ம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம்.

கார்டு போட்டிருப்பவர்களுக்கு மேஸ்திரி சொல்லும் புத்திமதி இதுதான்: 100 கிலோ மீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். எஞ்சினுக்குக் காற்றை மறைக்கும் தகடு எதையும் கார்டில் கட்டாதீர்கள். அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு சவாரி செய்யாதீர்கள். அவசரத்துக்குப் பிரேக் எட்டாது!

வேலை முடிவதற்குள் பாங்குக்காரர் எங்கோ போய் வந்தார். கையில் புதுத் தலைக்கவசம்! பையன் அதை வாங்கி, பளபளக்கும் கார்டில் மாட்டித் தொங்கவிட்டான்.

“தம்பி! கார்டுக்கு அது எதற்கு? உன் தலைக்கு மாட்டு!” என்றார் மேஸ்திரி.

பையன் சிரித்துக்கொண்டே எடுத்து மாட்டிக்கொண்டான். வாரைப் பூட்டிவிட்டவர், அவன் தகப்பனார்.