நூறு அடித் திரையும் நம்ம ஊர்த் தியேட்டரும்

கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி வடக்கே போனால் எளாவூர், ஆரம்பாக்கம். அதோடு தமிழ்நாடு முடிந்துவிடும். தடாவையும் தாண்டினால், கும்மிடிப்பூண்டியிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் சூலூர்பேட்டை. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு இறங்கும் ஊர் என்றுதான் வெகுகாலம் அதைச் சொல்வார்கள். 2019 ஆகஸ்ட் கடைசியில் அந்த ஊருக்கு இன்னொரு அடையாளமும் சேர்ந்தது. தெலுங்குப் படத் தயாரிப்பு நிறுவனமான யூ.வி. கிரியேஷன்ஸைச் சேர்ந்தவர்கள், நெடுஞ்சாலை ஓரத்தில் 'வி எபிக்' என்ற தியேட்டரைத் திறந்தார்கள். முதல் படம் அவர்களே தயாரித்த 'சாஹோ'. திரையின் அகலம் சுமார் 100 அடி. எபிக் என்ற அந்தத் திரையமைப்பை உருவாக்கியது சென்னையின் கியூப் நிறுவனம்.

பெரிய படம் வந்தால் சென்னையிலிருந்தும் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கமிருந்தும் மாநில எல்லை தாண்டி ஆட்கள் அங்கே போகிறார்கள். கும்மிடிப்பூண்டியோ திருவள்ளூரோ சின்ன ஊர்கள் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது, கையில் சம்பளம் இருக்கிறது, கடைத்தெரு வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போகிறது. இங்கே ஒரு உள்ளூர்க்காரர் இடம் வாங்கி, முதல் தரமான தியேட்டர் ஒன்றைக் கட்ட நினைத்தால் அது சாத்தியமா? கண்ணுக்கும் காதுக்கும் என்ன தேவை என்ற அளவில் பார்த்தால் தாராளமாகச் சாத்தியம் என்பதே என் உறுதியான எண்ணம். அதற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது.

முதலில் திரையின் அளவு. நம் கண்ணுக்கு அடிக்கணக்கு தெரியாது, கோணம்தான் தெரியும். திரையின் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் இடையே கண்ணில் விழும் கோணம் கடைசி வரிசையிலும் 30 பாகைக்குக் குறையக் கூடாது என்பது தியேட்டர் வடிவமைப்பில் பழகிவந்த அளவு. 100 அடித் திரைக்கு அந்தக் கோணம் கிடைக்கும் தூரம் 187 அடி. 40 அடித் திரைக்கு 75 அடி. இந்த இரண்டு இடத்திலும் உட்கார்ந்திருப்பவர்களின் விழித்திரையில் விழும் படம் ஒரே அளவுதான். ஆகவே 250 பேர் உட்காரும் அரங்கில், கடைசி வரிசையை 75 அடிக்குள் நிறுத்தினால், கும்மிடிப்பூண்டிக்காரர் பார்க்கும் படம் எந்தப் பெரிய ஊர்ப் படத்துக்கும் சிறுத்துப்போகாது. ஒரு காலத்தில் பெருமை இருக்கைகளின் எண்ணிக்கையில் இருந்தது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வெளியானபோது மதுரை தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்கார முடிந்தது. அவ்வளவு பெரிய கூடத்தின் கடைசி வரிசைக்காரருக்குத் திரை எவ்வளவு சிறியதாகத் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரிய திரையில் உண்மையான சிரமம் வெளிச்சம். திரையின் நடுவில் சதுர மீட்டருக்கு 48 கேண்டலா ஒளிர்வு இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவு. படத்தின் வண்ணத்தைத் திருத்தும் கலரிஸ்ட் அதே அளவு வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் ஒவ்வொரு காட்சியையும் முடிவு செய்கிறார். அகலத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். வெளிச்சமும் நான்கு மடங்கு வேண்டும். சாதாரண வெள்ளைத் திரை 40 அடி அகலமென்றால் சுமார் 12,000 லூமன் போதும். 100 அடிக்கு 74,000 லூமன். நம் வீட்டு 9 வாட் எல்இடி பல்பு தருவது 900 லூமன் அளவில்.

அந்த வெளிச்சம் எந்த வழியாகப் போகிறது என்பதுதான் எனக்கு இன்றும் தீராத வியப்பு. டிஎல்பி வகை 4கே புரொஜெக்டரின் உள்ளே மூலைவிட்டம் 1.38 அங்குலமே உள்ள சில்லு இருக்கிறது. அதன் முகத்தில் ஏறக்குறைய 88 லட்சம் குட்டிக் கண்ணாடிகள். ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஒரு பக்கம் சாய்ந்தால் வெளிச்சம் லென்ஸ் வழியே திரைக்குப் போகும்; மறுபக்கம் சாய்ந்தால் வீணாகி, அந்தப் புள்ளி இருட்டாகும். சாம்பல் நிறம் வேண்டுமா? விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஆடி, திரைப்பக்கம் நிற்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என மூன்று சில்லுகள். சுமார் 31 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் கண்ணாடி வயல், 100 அடித் திரையில் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பெருத்து விழுகிறது. சில்லை மூடி முத்திரையிட்டு வைத்தாலும், குளிர்விக்க உள்ளே இழுக்கும் காற்று தூசியோடு வந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், சூடு ஏறும், வெளிச்சம் குறையும். உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் உள்ள வட்டாரத்தில் ஆபரேட்டர் ரூமின் ஏசியும் ஃபில்டரும் அலங்காரச் செலவில் சேராது.

'படம் மங்கலாத் தெரியுது' என்று நாம் சலித்துக்கொள்ளும்போது பெரும்பாலும் குற்றம் பல்பின் மேல்தான். செனான் பல்பு எரிய எரிய மங்கும். ஆயிரம் மணி நேர ஆயுள் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு நாலு காட்சி, 12 மணி நேரம் ஓட்டும் தியேட்டரில் அது மூன்று மாதத்துக்குக்கூட வராது. விலை அதிகம் என்று ஆயுள் முடிந்த பிறகும் ஓட்டுவார்கள். மங்கல் ஒவ்வொரு நாளும் துளித்துளியாக வருவதால் தினமும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். லேசர் ஒளிமூலம் 20,000 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அதே ஓட்டத்தில் நாலரை ஆண்டு. அதற்கும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. லேசர் ஒளியின் அலைகள் ஒன்றோடொன்று ஒழுங்காகச் சேர்ந்து வருவதால், திரையில் பட்டுத் திரும்பும்போது சில இடத்தில் கூடியும் சில இடத்தில் குலைந்தும் மணல் தூவியதுபோல் மினுக்கும். அதை அழிக்கச் சில தியேட்டர்களில் திரையையே கண்ணுக்குத் தெரியாத அளவில் அதிரவைக்கிறார்கள். அதிர்வில் அந்த மணல் கலைந்து, கண் சராசரியை மட்டுமே காண்கிறது.

இனி ஒலி. திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய துளைகள் நெருக்கமாகக் குத்தப்பட்டிருக்கும். கதாநாயகன் பேசும் குரல் திரைக்குப் பின்னால் நடுவில் நிற்கும் ஸ்பீக்கரிலிருந்து அந்தத் துளைகள் வழியே வருகிறது. வாய் இருக்கும் திசையிலிருந்தே குரலும் வருவதால்தான் அந்த முகம் பேசுகிறது என்று நம்புகிறோம்.

குளிரூட்டிய அரங்கில் ஒலி விநாடிக்குச் சுமார் 346 மீட்டர் போகும். திரையிலிருந்து 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அது சேர 87 மில்லி விநாடி ஆகும். படம் விநாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. அதாவது உதடு அசைந்து இரண்டு பிரேம் கடந்த பிறகே அவர் காதில் சொல் விழுகிறது. மூளை அந்த இடைவெளியைப் பொருட்படுத்துவதில்லை. தூரத்தில் துணி துவைப்பவரைப் பார்த்தும் கேட்டும் பழகிய மூளை அது. ஆனால் பக்கச் சுவரில் உள்ள ஸ்பீக்கர் அவருக்கு மூன்று மீட்டரில் இருக்கிறது. அது அதே நொடியில் ஒலித்தால் அதன் ஒலி முந்திக்கொள்ளும். குரல் சுவரிலிருந்து வருவதாகத் தோன்றிவிடும். முதலில் வந்த ஒலியின் திசையையே காது உண்மைத் திசையாக ஏற்கிறது, சில பத்து மில்லி விநாடிக்குள் பின்தொடரும் ஒலியை அதிலேயே கரைத்துக்கொள்கிறது என்று ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ல் தன் ஆய்வேட்டில் விளக்கினார். அதனால் சுவர் ஸ்பீக்கர்களை வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறார்கள். கூடத்தின் நீளத்தை அளந்து, வரிசைகளில் மைக் வைத்து, மில்லி விநாடிக் கணக்கில் திருத்த வேண்டிய வேலை இது. 2012 டிசம்பரில் 'சிவாஜி'யின் முப்பரிமாணப் பதிப்போடு டால்பி அட்மாஸ் நம் படங்களுக்குள் வந்தபோது, 64 ஸ்பீக்கர் வரை தனித்தனியாகப் பேசவைக்க வழி பிறந்தது. திருத்த வேண்டிய இடங்களும் அத்தனை மடங்கு கூடின.

சாய்வு இருக்கை, மெத்தை, கம்பளம் எல்லாம் வசதிக்காரர்களுக்கான ஆடம்பரம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒலி தெளிவாகக் கேட்க அவையும் வேண்டும். 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல் ஐந்தரை விநாடி முழங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபீன் என்ற 27 வயது இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. பக்கத்து அரங்கின் மெத்தைகளை இரவில் தூக்கிவந்து கூடத்தில் பரப்பினார். ஒரு ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்க எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்து அளந்தார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைந்தது. எல்லாவற்றையும் பரப்பியபோது ஒரு விநாடியை ஒட்டி வந்து நின்றது. தெருவண்டிகளின் சத்தம் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பிறகுதான் அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போயாக வேண்டும். கூடத்தின் கன அளவையும் அது உறிஞ்சும் ஒலியையும் இணைத்து அவர் கண்ட சூத்திரத்தைத்தான் இன்றும் தியேட்டர் கட்டுபவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

மனித உடம்பும் ஒலியை நன்றாக உறிஞ்சும். மரப்பெஞ்சும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் போட்ட பழைய கொட்டாயில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வசனம் தெளிவாகக் கேட்கும், செவ்வாய்க்கிழமை பகல்காட்சியில் எதிரொலிக்கும். தடித்த மெத்தை இருக்கையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உறிஞ்சும் அளவு பெரிதும் மாறாது. இருபது பேர் வந்தாலும் அந்த இருபது பேருக்கும் முழு ஒலி கிடைக்கும்.

உள்ளே எழும் ஒலியை மெத்தை அடக்கிவிடும். வெளியிலிருந்து வரும் ஒலி அப்படி அடங்காது, அதுவும் இந்த வட்டாரத்தில். கடைத்தெருவை ஒட்டி ஜிஎன்டி ரோடு, அதற்கு அப்பால் ரயில் பாதை, கன்டெய்னர் லாரிகள். சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினால் உள்ளே வரும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். இன்னொரு 6 குறைக்க அந்த எடையையும் இரண்டு மடங்காக்க வேண்டும். இந்த வழியில் போனால் கோட்டைதான் கட்ட வேண்டியிருக்கும். அதனால் ஒன்றையொன்று தொடாத இரண்டு சுவர்களை எழுப்பி நடுவே இடைவெளி விடுகிறார்கள். வாசலிலும் ஒரு கதவு சாத்திய பிறகே அடுத்த கதவு திறக்கும்படி சிறு நடை விடுகிறார்கள். லாரியின் உறுமலில் உள்ள அடி ஒலி இதற்கும் அடங்குவதில்லை. அது காற்றைவிட மண் வழியாகவே அதிகம் வரும். அஸ்திவாரத்தில் ஏறி, சுவரே ஸ்பீக்கராகி முனகும். அரங்கின் தளத்தை ரப்பர் திண்டுகளின் மேலோ ஸ்பிரிங்குகளின் மேலோ மிதக்கவிடுவதே அதற்கு வழி. ஏசியிலும் கவனம் வேண்டும். குறுகிய குழாயில் வேகமாக வரும் காற்று இரையும். அகலமான குழாயில் மெதுவாக விட்டால் இரையாது. படத்தில் ஒருவர் மூச்சை அடக்கி நிற்கும் காட்சியில் நாம் ஏசியைக் கேட்டுக்கொண்டிருந்தால், மற்ற எல்லாச் செலவும் பாழ்.

எல்லையோர ஊர் என்பது இங்கே ஒரு பலம். சிப்காட்டில் தமிழ் பேசுகிறவரோடு தெலுங்கும் ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்கள் வேலை செய்கிறார்கள். ரீல் பெட்டி காலத்தில் மொழிக்கு ஒரு பிரிண்ட் வேண்டும். இன்று படம் ஒரே டிஜிட்டல் கோப்பு. மொழிக்கேற்ற ஒலியும் எழுத்துகளும் தனிக் கோப்புகளாக அதன் மேல் வந்து பொருந்தும். அதைத் திறக்கும் மின்சாவி, குறிப்பிட்ட அந்த ஒரு கருவிக்கு, குறிப்பிட்ட நாளிலிருந்து குறிப்பிட்ட நாள்வரை மட்டுமே செல்லும். உரிமை கிடைத்தால் பகல்காட்சி தமிழில், மாலைக்காட்சி தெலுங்கில், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்தவருக்கு இந்தியில் என்று ஒரே திரையில் ஓட்ட முடியும். இந்தக் கணக்கு ஊரோடு பழகிய உரிமையாளருக்குத்தான் சட்டென்று பிடிபடும்.

உள்ளூர் உடைமைக்கு நம்மிடம் நீண்ட மரபு இருக்கிறது. ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்று நிலையான கொட்டகை கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றும் அதே பெயர். சென்னையில் சத்யம் தியேட்டரை வளர்த்த நிறுவனம் 2018-ல் பிவிஆர் கைக்குப் போனது உண்மைதான். ஆனால் கோவையில் எபிக், ஐமேக்ஸ் இரண்டையும் ஒரே வளாகத்தில் வைத்து பிராட்வே என்ற தியேட்டர் திறந்திருப்பதும் உண்மை. கணக்குதான் இறுக்கம். டிக்கெட் விலைக்கு அரசின் உச்சவரம்பு இருக்கிறது. 2017-ல் மல்டிபிளெக்ஸ்களுக்கே வரி நீங்கலாக 150 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த வரம்புக்குள் கடன் அடைக்க வேண்டியவர் எங்கே செலவிடுவது, எங்கே தவிர்ப்பது என்று தெளிந்தாக வேண்டும். வரவேற்பறைச் சலவைக்கல்லைப் பிறகும் பதிக்கலாம். மிதக்கும் தளத்தைப் பிறகு போட முடியாது.

அதனால் முதல் செலவு கட்டடத்துக்கு முன்பே வருகிறது. பார்த்துவைத்த மனையில் அதிர்வுமானியை நட்டு, ஒரு வாரம் இரவும் பகலும் பதிவெடுக்க வேண்டும். பகல் அளவை மட்டும் நம்பி அஸ்திவாரம் போடக் கூடாது. கனரக வண்டிகள் நெடுஞ்சாலையில் வரிசைகட்டும் நேரமும் செகண்ட் ஷோ ஓடும் நேரமும் ஒன்றுதான்.