சீட்டு வாங்க ஒரு கவுன்சலிங்... மனசுக்கு ஒரு கவுன்சலிங்!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், நம் வீடுகளில் 'கவுன்சலிங்' என்ற வார்த்தை ஆயிரம் தடவை அடிபடும். "கவுன்சலிங் முடிஞ்சுதா?", "எந்த காலேஜ் கெடைச்சுது?" என்று பக்கத்து வீட்டுக்காரர் முதல் பால்காரர் வரை விசாரிப்பார்கள். சீட்டு கிடைத்து, ஃபீஸ் கட்டி, பக்கெட்டும் பாயும் வாங்கிக் கொடுத்து, பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு பஸ் ஏறும்போது 'அப்பாடா' என்று ஒரு பெருமூச்சு!

ஆனால், அதற்குப் பிறகுதான் பல பிள்ளைகளுக்கு இன்னொரு கவுன்சலிங் தேவைப்படுகிறது. மனசுக்கான கவுன்சலிங். அதைப் பற்றி மட்டும் நாம் வாயே திறப்பதில்லை!

"நீங்க சித்த வைத்தியராச்சே... லேகியம், சூரணம்னு எழுதாம இதென்ன புதுசா?" என்று கேட்கிறீர்களா? லேகியம் கேட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஞாபகசக்திக்கு லேகியமா?

செமஸ்டர் பரீட்சை நெருங்கினால் எங்களிடம் ஒரு கூட்டம் வரும். அம்மா பேசுவார். பிள்ளை தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருக்கும். "பன்னிரண்டாவது வரைக்கும் நல்லா படிச்ச பையன் டாக்டர். இப்போ மூணு அரியர் வெச்சிருக்கான். ஞாபகசக்திக்கு ஏதாவது கொடுங்க. வல்லாரை நல்லதாமே?"

அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பசி எப்படி, தூக்கம் எப்படி என்று பொறுமையாக விசாரித்தால் விஷயம் வேறாக இருக்கும். "ராத்திரி ரெண்டு மணிக்கு மேலதான் சார் தூக்கமே வருது. மெஸ்ஸுக்குப் போகப் பிடிக்கலை. தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்தேன், கிளாஸ்ல எதுவும் புரியலை. சந்தேகம் கேட்டா சிரிக்கிறாங்க. வீட்டுல சொன்னா, கடன் வாங்கிப் படிக்க வைக்கிறோமேன்னு அழுவாங்க..."

இந்தப் பிள்ளைக்கு ஞாபகசக்தியில் என்ன கோளாறு? ஒன்றுமில்லை. மனம் சோர்ந்தால் கவனம் நிற்காது. கவனத்தில் பதியாதது ஞாபகத்தில் எப்படித் தங்கும்? வல்லாரை நல்ல கீரைதான். துவையல் அரைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால், சொல்ல முடியாத துக்கத்தை வல்லாரை கரைக்காது!

அடக்கக்கூடாத பதினான்கு

சித்த மருத்துவத்தில் '14 வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. உடம்பு இயல்பாக வெளிப்படுத்துகிற உந்துதல்கள் அவை. தும்மல், கொட்டாவி, இருமல், மலம், சிறுநீர் எல்லாம் அதில் அடக்கம். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது அந்தப் பாடம். அந்தப் பட்டியலில் பசியும் இருக்கிறது, தூக்கமும் இருக்கிறது, கண்ணீரும் இருக்கிறது!

ஹாஸ்டலில் தவிக்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். சாப்பிடாமல் பசியை அடக்குகிறது. விடிய விடிய விழித்துத் தூக்கத்தை அடக்குகிறது. ரூம் மேட் பார்த்துவிடுவானே என்று அழுகையையும் அடக்குகிறது. முதல் இரண்டுக்கும் வீட்டிலேயே வழி செய்யலாம். மூன்றாவதுக்கு, பயமில்லாமல் அழவும் பேசவும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் கவுன்சலர் அறை.

இது பருவத்துக் கவலையா, நோயா?

புது இடம், புது மொழி, காதல், தோல்வி என்று இந்த வயதில் கவலை வருவது சகஜம். நாலு நாளில் தெளிந்துவிட்டால் பயமில்லை. ஆனால், கீழே உள்ளவற்றில் பல சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அலட்சியம் கூடாது.

* எதிலும் நாட்டமில்லாமை. பிடித்த விளையாட்டு, பாட்டுகூட வெறுத்துப்போவது.
* தூக்கம் வராமை அல்லது பகலெல்லாம் தூக்கம்.
* சாப்பாடு குறைவது, எடை இறங்குவது.
* காரணம் புரியாத தலைவலி, வயிற்றுவலி, படபடப்பு.
* குளிக்காமல், வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடப்பது.
* "நான் எதுக்கும் லாயக்கில்லை", "நான் இல்லாட்டா உங்களுக்கு நிம்மதி" என்கிற பேச்சு.

ரத்தசோகை, தைராய்டு கோளாறு இருந்தாலும் சோர்வு வரும். அதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது.

கடைசியாகச் சொன்ன பேச்சு காதில் விழுந்தால் மட்டும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வராது. கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்று பாரம்தான் இறங்கும். "ஆமாம்" என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல், உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

கவுன்சலர் அறையில் என்ன நடக்கும்?

"புத்திமதி சொல்வாங்க, அதானே? அதை நாங்களே சொல்லிட்டுத்தானே இருக்கோம்" என்பார்கள் பெற்றோர். அதுதான் இல்லை! நல்ல கவுன்சலர் பேசுவது குறைவு, கேட்பது அதிகம். முக்கால் மணி நேரம் போலப் பேச்சு நடக்கும். பெரும்பாலும் வாரம் ஒருமுறை வரச் சொல்வார்கள். 'ஒரு பேப்பர் போனால் வாழ்க்கையே போச்சு' என்று மனசு போடுகிற தப்புக் கணக்கை, பிள்ளையே கண்டுபிடித்துத் திருத்தப் பழக்குவார்கள். குலைந்துபோன தூக்கம், சாப்பாடு, படிப்பு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்குக்குக் கொண்டுவருவார்கள். மருந்து வேண்டியிருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

மனச்சோர்வுக்கான மருந்து இன்று சாப்பிட்டு நாளை குணம் தெரிகிற ரகம் அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். "இங்கிலீஷ் மருந்து சூடு, அதை விட்டுட்டு உங்க மருந்தைச் சாப்பிடட்டுமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கூடாது! டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரலாம், நோயும் திரும்பலாம். சித்த மருந்தும் கூடவே சாப்பிடுவதாக இருந்தால் இரண்டு மருத்துவர்களிடமும் சொல்லிவிட வேண்டும்.

வெளியே தெரிஞ்சுடுமோ?

பிள்ளைகளைத் தடுப்பது இந்தப் பயம்தான். பெண் பிள்ளை என்றால், "நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடையாயிடும்" என்று பெற்றோரே தடுப்பார்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை நோயாளிக்குத் தந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற ஒரு சில சூழ்நிலைகளில் மட்டுமே விதிவிலக்கு. தற்கொலைக்கு முயன்றவரையும் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி சிகிச்சையும் ஆதரவும் தரவேண்டும் என்கிறது இதே சட்டம்.

கல்லூரிக்கும் கடமை உண்டு. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கிற கல்வி நிறுவனங்கள், தகுதி பெற்ற ஒரு கவுன்சலரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. உதவி எண்களை ஹாஸ்டலிலும் வகுப்பறையிலும் கண்ணில் படும்படி பெரிதாக எழுதிவைக்க வேண்டும், மார்க்கை வைத்து மாணவர்களைப் பிரித்து வைப்பதும் எல்லோர் முன்னிலையில் அவமானப்படுத்துவதும் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. உங்கள் பிள்ளையின் கல்லூரியில் இதெல்லாம் இருக்கிறதா? கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது!

செலவுக்குப் பயமா?

14416. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய 'டெலி மனஸ்' சேவையின் எண் இது. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லிக் கேலி பேசியே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அந்தக் கேலியை முதலில் நிறுத்த வேண்டும். அதற்குப் பயந்துதான் பலர் வைத்தியத்துக்கே போவதில்லை.

பெற்றோர்களே, போனில் இப்படிப் பேசுங்கள்

"மார்க் எவ்வளவு?" என்று ஆரம்பிக்காதீர்கள். "சாப்பிட்டியா, தூங்கினியா, இன்னிக்கு யார்கூடப் பேசினே?" என்று கேளுங்கள். கடன் கணக்கையும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தையும் பேச்சில் இழுக்காதீர்கள். அழுதால், "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று அதட்டாதீர்கள். அழட்டும். குறுக்கே பேசாமல் கேளுங்கள். லீவுக்கு வந்தால் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வையுங்கள், சூடாக ரசம் சாதம் போடுங்கள், வயிறார உண்டு தூங்கட்டும். படிப்புப் பேச்சை இரண்டு நாள் தள்ளிப்போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அடுத்த முறை ஹாஸ்டலுக்குப் போகும்போது மெஸ் எங்கே, பாத்ரூம் எங்கே என்று பார்ப்பதோடு, "கவுன்சலர் ரூம் எங்கேப்பா இருக்கு?" என்றும் கேளுங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த வாசல் வரை ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். அப்பா, அம்மாவே காட்டிய வாசல் என்றால், கஷ்டம் வரும் நாளில் அதற்குள் நுழையப் பிள்ளைக்குக் கூச்சம் இருக்காது.