கேட்கும் தூரத்தில் இன்னொரு பெட்டி

போனில் சிக்னல் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஒரு நடை நடந்து பாருங்கள். ரூட்டருக்குப் பக்கத்தில் மைனஸ் 35 என்று காட்டும். ஹாலின் மறுகோடியில் மைனஸ் 50. உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் மைனஸ் 70. மாடியில் பின்பக்க அறைக்குப் போனால் மைனஸ் 85. அனுப்பிய படம் வட்டமடித்துக்கொண்டே நிற்கும் இடம் அதுதான். இந்த எண் பத்து இறங்கும்போதெல்லாம் போனுக்கு வந்து சேரும் ஆற்றல் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. வீட்டு ரூட்டர் வெளிவிடுவது ஏறக்குறைய 0.1 வாட். மைனஸ் 70 என்றால் அதில் நூறு கோடியில் ஒரு பங்குதான் போனை எட்டுகிறது. அந்தத் துளியைப் பிடித்து வைத்துக்கொண்டு போன் முழுநீளப் படத்தைத் தடங்கல் இல்லாமல் ஓட்டுகிறது. மாடியில் நெட் வரவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. உள்ளறை வரை வருகிறதே, அதுதான் ஆச்சரியம்.

இன்னும் பலமான ரூட்டர், நாலு ஆண்டெனாவுக்குப் பதில் எட்டு ஆண்டெனா என்று வாங்கினால் தீர்ந்துவிடாதா? பாதிதான் தீரும். ரூட்டர் சொல்வது போனுக்குக் கேட்டால் போதாது, போன் சொல்லும் பதில் ரூட்டருக்கும் கேட்க வேண்டும். போனின் ஆண்டெனா சிறியது. பேட்டரியைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். அதன் குரல் ரூட்டரைவிடச் சன்னம். சில வீடுகளில் திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்து நிற்கும், ஒரு பக்கம்கூடத் திறக்காது. ரூட்டர் போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் சொல்கின்றன. மறுதிசையில் நடப்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சட்டமும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை இந்தியாவில் உரிமம் வாங்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்ற விதி 2005-இல் வந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் அந்தச் சலுகை 2018-இல் விரிவானது. உரிமம் வேண்டாம், ஆனால் இவ்வளவு ஆற்றலுக்கு மேல் போகக் கூடாது என்பதே ஏற்பாடு. நியாயமான ஏற்பாடு என்பேன். ஒரு வீட்டு ரூட்டர் உரக்கப் பேசினால் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் அத்தனையும் அது முடிக்கும்வரை பேசாமல் காத்திருக்க வேண்டிவரும்.

சுவர்களின் கதை வேறு. நம் ஊரில் வீடு கட்டியவர்கள் வெயிலை மனத்தில் வைத்துக் கட்டினார்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். அமெரிக்க வீட்டின் உள்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. அதைக் கடக்கையில் அலை சுமார் பாதியை இழக்கும், அவ்வளவுதான். நம் சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை பத்தில் ஒன்பது பங்கைத் தாராளமாக இழக்கும், தளத்தில் அதற்கும் மேல். வழியில் ஒரு இரும்பு பீரோ நின்றால் அதன் பின்னால் நிழல் விழும். ஆளுயரக் கண்ணாடியின் முதுகில் பூசிய உலோகப் பூச்சும் அப்படியே அலையைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் நிறைந்த தொட்டி அலையைக் குடித்துவிடும். ரூட்டர் வந்த பெட்டியின் அட்டையில் இத்தனை சதுர அடிக்குப் போதும் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அது எந்தச் சுவரை வைத்துப் போட்ட கணக்கு என்பதை அட்டை சொல்வதில்லை.

திருப்பி அடிக்கப்பட்ட அலையும் வீணாய்ப் போவதில்லை. நேராக வந்த அலை, சுவரில் பட்டு வந்தது, தளத்தில் பட்டு வந்தது என்று ஒரே செய்தி பல பாதைகளில் சற்று முன்பின்னாகப் போனை வந்தடைகிறது. சில இடங்களில் அவை ஒன்றையொன்று தூக்கிவிடும், சில இடங்களில் அமுக்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸில் ஐந்தரை சென்டிமீட்டர் அளவு. ஆகவே மேசைமேல் போனை நாலு விரற்கடை நகர்த்தினாலே செயலியின் எண் சட்டென்று மாறும். செய்து பார்க்கலாம், எந்த வீட்டிலும் நடக்கும்.

இந்த எதிரொலிக் குழப்பத்தை அவிழ்த்தவர்களில் ஒரு குழு வானியலிலிருந்து வந்தது. மிகச் சிறிய கருந்துளைகள் வெடித்து மறையக்கூடும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1974-இல் சொன்னதும், அப்படியொரு வெடிப்பின் ரேடியோத் துடிப்பைப் பிடிக்க முயன்றவர்களில் ஆஸ்திரேலியரான ஜான் ஓ'சல்லிவனும் ஒருவர். துடிப்பு சிக்கவில்லை. கலங்கிச் சிதறி வரும் சிக்னலைக் கணக்குப் போட்டுத் தெளியவைக்கும் பழக்கம் மட்டும் கையில் தங்கியது. பின்னாளில் சிஎஸ்ஐஆர்ஓ என்ற ஆஸ்திரேலிய அரசு ஆய்வு நிறுவனத்தில் அவரும் கூட்டாளிகளும், வேகமான ஒரே தரவோட்டத்தைப் பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்து அனுப்பினால் எதிரொலி கெடுக்காது என்பதை வீட்டுக்குள் ஓடும் ரேடியோவுக்குப் பொருத்தினார்கள். 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய ரூட்டர்கள் எல்லாம் இந்த வழியில்தான் பேசுகின்றன.

ஆற்றல் ஒரு பக்கம் இருக்கட்டும். வைஃபையில் உண்மையில் பஞ்சம் நேரத்துக்குத்தான். ஒரு சேனலில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர், யாரும் பேசவில்லை என்று காதால் உறுதி செய்துகொண்டு வாய் திறப்பதைப் போல, ஒவ்வொரு கருவியும் முதலில் கவனிக்கிறது. அமைதி என்று தெரிந்தாலும் உடனே பேசுவதில்லை. தனக்குத்தானே ஒரு சீட்டுப் போட்டுக்கொண்டு, 9 மைக்ரோநொடி அளவிலான துண்டுகளாக எண்ணிக் காத்திருந்து, பிறகுதான் அனுப்புகிறது. பெற்றுக்கொண்டவர் ஒவ்வொரு முறையும் ஒப்புகை அனுப்ப வேண்டும். ஒப்புகை வராவிட்டால் செய்தி மோதிச் சிதைந்தது என்று பொருள். மறுபடி சீட்டு, மறுபடி முயற்சி. இந்த முறையின் வேர் ஹவாய் தீவுகளில் இருக்கிறது. அங்கே பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு 1971-இல் அலோஹாநெட்டை ஓடவிட்டது. அதில் எவரும் கவனிக்காமலே அனுப்பினார்கள், மோதினால் திரும்ப அனுப்பினார்கள். அப்படிச் செய்தால் சேனலின் திறனில் 18 விழுக்காட்டுக்கு மேல் பயன்படாது என்பது கணக்கில் தெரிந்தது. கவனித்துவிட்டுப் பேசும் வழக்கம் அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான்.

அந்தச் சின்ன ஒப்புகைக்கு எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதைத் தேனியில் பார்த்தார்கள். 2000-களின் நடுவில், அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையைச் சுற்றுவட்டாரக் கிராமங்களின் கண் பரிசோதனை மையங்களோடு இணைக்க, எரிக் புரூவரின் கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகக் குழு சாதாரண வைஃபை அட்டைகளையே எடுத்துக்கொண்டது. உயரமான கோபுரம், ஒரே திசையில் குவியும் ஆண்டெனா. கிராமத்தில் உட்கார்ந்தபடி வீடியோவில் மருத்துவரிடம் கண்ணைக் காட்டினார்கள் நோயாளிகள். ஆனால் ரேடியோ அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர்தான் போகும். பதினைந்து கிலோமீட்டர் போய்த் திரும்ப 100 மைக்ரோநொடி. வீட்டு அளவுக்குச் செய்த அட்டை அதற்குள் பொறுமை இழந்து, ஒப்புகை வரவில்லை என்று முடிவுகட்டித் திரும்ப அனுப்பத் தொடங்கிவிடும். தூரம் கூடக் கூட இந்தக் கோளாறு பெரிதாகும். பெர்க்லி குழு இந்த நெறிமுறையையே மாற்றி எழுதியது: இவ்வளவு நேரம் நீ பேசு, இவ்வளவு நேரம் நான் என்று முறை வைத்து, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், அதாவது ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும், தனி ஒப்புகை என்பதை விட்டுவிட்டு மொத்தமாக ஒப்புகை சொல்லவைத்தது. அட்டை அதேதான், நேரக் கணக்குதான் வேறு. தூரம் இதோடு நிற்கவில்லை: 2007-இல் வெனிசுவேலாவில் எர்மான்னோ பியெத்ரொசெமோலி இரண்டு மலைமுகடுகளுக்கிடையே 382 கிலோமீட்டருக்கு வைஃபை இணைப்பு கொடுத்துக் காட்டினார்.

இப்போது மாடிக்கு வருவோம். மலிவான ரிப்பீட்டர் ஒன்றை வாங்கிப் பிளக்கில் செருகினால் என்ன ஆகிறது? ரூட்டர் சொன்னதை அது கேட்டு, அதே சேனலில் மறுபடி சொல்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு தடவை ஏறுகிறது. நேரம் இரட்டிப்பு, வேகம் பாதி. ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்; ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் மூன்று தாவல் என்றால் மூன்றில் ஒன்று. கோடுகள் நிறைந்து, வேகம் மெலிந்து போகும் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

மெஷ் என்று 2016-இல் ஈரோ, ஆர்பி, கூகுள் வைஃபை போன்ற பெயர்களில் கடைக்கு வந்த பெட்டிகளின் சிறப்பு, எந்த வழியாகச் சொல்வது என்று அவை தங்களுக்குள் ஓயாமல் அளந்துகொள்வதில் இருக்கிறது. அந்த அறிவுக்கு ஒரு பழைய சோதனை உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் கேம்பிரிட்ஜ் ஊரில் தன்னார்வலர்களின் வீட்டுக் கூரைகளில் ஆண்டெனா நட்டு, ரூஃப்நெட் என்ற வலையைப் பின்னினார்கள்: 37 முனைகள், ஏறக்குறைய நான்கு சதுர கிலோமீட்டர். தாவல்கள் குறைவான பாதையே நல்லது என்று அதுவரை நினைத்திருந்தது தவறு என்பது அங்கே தெளிவாகத் தெரிந்தது. தாவல் குறைந்தால் ஒவ்வொரு தாவலும் நீளும், நீண்டால் சிக்னல் தேயும்.

அவர்கள் எழுதிய கணக்கு எளிமையானது, அழகானது. ஒரு பாக்கெட் போய்ச் சேர்ந்து ஒப்புகையும் திரும்பிவரச் சராசரியாக எத்தனை முறை அனுப்ப வேண்டும்? மாடி அறையிலிருந்து கீழ் ரூட்டருக்கு நேரே பேசினால் போகும் வழியில் பாதி, வரும் வழியில் பாதி தொலைகிறது என்று வையுங்கள். நான்கில் ஒன்றுதான் தேறும்; சராசரியாக நாலு முறை அனுப்ப வேண்டும். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பெட்டி வைத்து, இரண்டு தாவலிலும் போகும் வழியிலும் வரும் வழியிலும் பத்துக்கு ஒன்பது தேறினால், தாவலுக்கு 1.23 முறை, இரண்டும் சேர்ந்து இரண்டரைக்குள் அடங்கும். சுற்றிப் போவது நேரே போவதைவிட வேகம். 2011-இல் வந்த 802.11எஸ் என்ற மெஷ் தரமும் இணைப்பின் மதிப்பைக் காற்றில் செலவாகும் நேரத்தைக் கொண்டே அளக்கிறது. ரூஃப்நெட்டிலிருந்து கிளைத்த மெராக்கி நிறுவனத்தை சிஸ்கோ 2012-இல் 120 கோடி டாலருக்கு வாங்கியது.

விலை கூடிய மெஷ் பெட்டிகளில் மூன்றாவதாக ஒரு ரேடியோ இருக்கும். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடக்கும் பேச்சை அது தனிச் சேனலில் வைத்துக்கொள்வதால், ரிப்பீட்டரின் பாதி வேகத் தண்டனை இல்லை. வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது எங்கே வைப்பது. நெட் வராத அறையிலேயே இரண்டாவது பெட்டியை வைப்பவர்கள் பலர். அங்கே அதற்கே காது கேட்காது; கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? செயலியில் மைனஸ் 60, 65 காட்டும் இடம்வரை நடந்து, நிற்கும் இடத்தில் வையுங்கள். தளம் போட்ட வீட்டில் அந்த இடம் அநேகமாக மாடிப்படி. கான்கிரீட்டில் அலைக்கு விட்ட ஒரே திறப்பு அதுதான். தரையில் போடாமல் ஆளுயரத்தில், பீரோவுக்கும் டிவிக்கும் விலகி.

பெட்டிகளை நெருக்கி அடுக்குவதும் கெடுதல். எந்தப் பெட்டியோடு பேசுவது என்ற முடிவு போனுடையது, ரூட்டருடையது அல்ல. 802.11கே, 802.11வி ஆகிய தரங்களின்படி ரூட்டர் பக்கத்துப் பெட்டிகளின் பட்டியலைக் கொடுக்கலாம், அங்கே போனால் நல்லது என்று யோசனை சொல்லலாம்; 802.11ஆர் கைமாறும் நேரத்தைச் சுருக்கும். கேட்பதும் கேட்காததும் போனின் விருப்பம். ஐபோன், மைனஸ் 70-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் வேறு பெட்டியைத் தேடும். அதுவும் புதியது அதே எண்ணில் குறைந்தது 8 (டெசிபெல்) கூடுதலாக இருந்தால்தான் தாவும் என்று ஆப்பிள் சொல்கிறது. இரண்டு பெட்டிகள் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தால் எண் அந்த அளவுக்கு இறங்கவே இறங்காது. அடுத்த அறைக்குப் போன பிறகும் போன் பழைய பெட்டியையே பிடித்துத் தொங்கும்.

இவ்வளவு நுட்பம் இருந்தும், பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கேட்-6 கேபிள் கிடைத்தால் அதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். கம்பிக்குள் போனதற்குக் காற்றில் இடம் தேவையில்லை; சுவர் எத்தனை அங்குலம் என்ற கேள்வியும் இல்லை. ஏறக்குறைய எல்லா மெஷ் பெட்டியின் முதுகிலும் அதற்கான துளை இருக்கிறது. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சு வேலை தொடங்கும்முன் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, ஃபைபர் வந்து இறங்கும் இடத்திலிருந்து மாடிப்படித் திருப்பம்வரை ஒரு தனிப் பைப் போடச் சொல்லுங்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே கேபிளையும் திணிக்க விடாதீர்கள். இப்போது கேபிள் இழுக்கப் பணம் இல்லாவிட்டாலும் உள்ளே ஒரு கம்பியை மட்டும் விட்டு வையுங்கள், பிறகு எப்போது வேண்டுமானாலும் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.