புளியங்கொட்டை மூன்று: குழுவில் எல்லாரும் பேச ஒரு பயிற்சி

உங்கள் மகளிர் குழுவின் போன கூட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பதினைந்து பேர் வந்திருப்பீர்கள். அதில் வாய் திறந்தவர்கள் எத்தனை பேர்? மூன்று என்றால் ஆச்சரியமில்லை. மற்றவர்கள் சந்தா கட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், அடுப்பில் வைத்துவிட்டு வந்த உலை ஞாபகத்தில் எழுந்து போனார்கள்.

அதனால் என்ன, வேலை நடக்கிறதே என்பீர்கள். நடக்கும், ஒரு கடன் தவணை நிற்கும்வரை. நின்ற அன்றைக்குத் திண்ணையில் எட்டுப் பேர் சொல்வார்கள்: "அவளுக்குக் குடுக்கும்போதே எனக்குத் தெரியும்." தெரிந்தது தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. எட்டுப் பேரின் கையெழுத்து மட்டும் ஏறியிருக்கிறது.

எல்லாரும் பேசுவது ஏன் இவ்வளவு முக்கியம்? தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. 1992-இல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பொதுவாக ஒரு குழுவில் 12 முதல் 20 பேர். குழுக் கடனுக்கு நகை ஈடு கிடையாது, பத்திரமும் கிடையாது. ஒருவர் பேச்சை ஒருவர் நம்புவதுதான் ஈடு. தர மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, வருகைப் பதிவு சரியா, கணக்கு எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். யார் பேசினார்கள் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எல்லாரையும் பேசவைக்க ஒரு வழி உரையாடல் பயிற்சி. அது மேடையேறிப் பேசக் கற்றுக்கொடுப்பதா? இல்லை. நமக்குப் பழகிய பட்டிமன்றமும் இல்லை. அங்கே இரண்டு அணி, ஒரு நடுவர், முடிவில் தீர்ப்பு. உரையாடலில் அணி பிரிப்பதில்லை. எதிரே இருப்பவருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது என்ன என்று தேடுவதுதான் வேலை. ஆகவே பாதிப் பயிற்சி கேட்பதற்கே போகும்.

பேச்சிலிருந்து தொடங்குவது புதிதல்ல. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறக்குறைய 300 உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவு கொடுக்க முனைந்தபோது, அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களை எடுத்து, முதலில் அவற்றைப் பற்றிப் பேசவைத்தார். தெரிந்தவர் தெரியாதவர் தலையில் பாடத்தைக் கொட்டுவதற்கு அவர் வைத்த பெயர் வங்கிமுறைக் கல்வி (கணக்கில் பணம் போடுவதுபோல அறிவைப் போட்டுவைப்பது). நம் பயிற்சி முகாம்கள் பலவும் இன்னும் அந்த வகைதான்.

சரி, பயிற்சியில் என்னதான் செய்வார்கள்? ஒன்றைக் காட்டுகிறேன். கூட்டம் தொடங்கும்போது ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் வைத்துவிட வேண்டும். மூன்றும் தீர்ந்தால் மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாயைக் கட்ட வேண்டியதுதான். முதல் நாள் சிரிப்பாக இருக்கும். பத்தாவது நிமிடத்தில் குழுவை நடத்தும் ஊக்குநர் கை காலி. சுவரோரம் இருப்பவர் மடியில் மூன்றும் அப்படியே கிடக்கும். எதுவும் சொல்லாமலே எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிடும்.

அடுத்தது கேள்வி கேட்கும் விதம். "ஏன் பணம் கட்டல?" என்றால் வருவது சாக்கு. "இந்த மாசம் என்னக்கா ஆச்சு?" என்றால் மாடு செத்ததோ, மாமியார் ஆஸ்பத்திரியில் கிடப்பதோ வெளியே வரும். அப்போதுதான் தவணையைத் தள்ளிவைப்பதா, பாதியாக வாங்குவதா என்று குழுவால் யோசிக்க முடியும். பதில் சொல்வதற்கு முன், கேட்டதைத் திருப்பிச் சொல்வதும் ஒரு பழக்கம்: "அப்ப, ஆடி முடிஞ்சாத்தான் முடியும்ங்கறீங்க, சரிதானே?" பாதிச் சண்டை இந்த ஒரு வரியிலேயே அடங்கும்.

உட்காரும் இடத்தையும் பாருங்கள். இரண்டு பேர் நாற்காலியிலும் மற்றவர்கள் தரையிலும் என்றால் எந்தப் பயிற்சியும் ஏறாது. எல்லாரும் பாயில், வட்டமாக. பேச்சைப் புதிதாகச் சேர்ந்தவரிடம் தொடங்குங்கள். ஊக்குநர் கடைசியாகப் பேசட்டும். அவர் முதலில் சொல்லிவிட்டால் மீதிப் பேர் "அக்கா சொன்னதுதான்" என்று முடித்துக்கொள்வார்கள்.

இதற்கு ஒருநாள் பயிற்சி போதாதா? போதாது. ஒன்றிய அலுவலகத்தில் பயிற்சி, பை, நோட்டு, மதியம் சாம்பார் சாதம், குழுப் படம். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பழையபடி அதே மூன்று பேர். இங்கேதான் துணைப்பயிற்சி (கோச்சிங், அதாவது கூடவே இருந்து பழக்குவது) தேவைப்படுகிறது. கோச்சிங் என்றால் நமக்கு நீட் சென்டர்தான் ஞாபகம் வருகிறது. இது அதற்கு நேர் எதிர்: சொல்லிக்கொடுப்பதே கிடையாது.

துணையாக வருபவர் உங்கள் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார், பேசமாட்டார். முடிந்தபின் ஊக்குநரோடு அரைமணி நேரம். "இன்னிக்கு வாயே திறக்காதது யாரு?" "ஏன்னு நினைக்கிறீங்க?" "அடுத்த வாரம் ஒண்ணே ஒண்ணு மாத்தலாம்னா எதை மாத்துவீங்க?" பதில் ஊக்குநரிடமிருந்துதான் வர வேண்டும். இரண்டு வாரம் கழித்து வந்து, அந்த ஒன்று என்ன ஆயிற்று என்று கேட்பார். நாலைந்து முறை இப்படி நடந்தால்தான் பழக்கம் ஒட்டும்.

அப்படி ஒருவருக்கு எங்கே போவது? பக்கத்துக் குழுவின் ஊக்குநர் போதும். அவர் உங்கள் கூட்டத்துக்கு வரட்டும், நீங்கள் அவர்கள் கூட்டத்துக்குப் போங்கள். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் பயிற்றுநர் இருந்தால் அவரையும் கேட்கலாம். உங்களுக்குக் கடன் ஒப்புதல் கொடுக்கும் இடத்தில் இருப்பவர் மட்டும் வேண்டாம். அவர் எதிரே யாரும் உள்ளதைச் சொல்லமாட்டார்கள்.

நேரம் இழுக்காதா? ஆரம்பத்தில் இழுக்கும். சண்டையும் வரும், மூன்று வருடத்துக் கோபமெல்லாம் கிளம்பும். வந்த விஷயத்தைப் பேசலாம், வீட்டு விவகாரத்தை இழுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

உரையாடலுக்கு விடக் கூடாதவையும் உண்டு. பணம் காணாமல் போனால் வட்டமாக உட்கார்ந்து மனசு திறப்பது வேலைக்காகாது. கணக்கைத் தணிக்கைக்குக் கொடுங்கள். ஒரு உறுப்பினர் வீட்டில் அடி வாங்குகிறார் என்றால் அவரைக் கூட்டத்தில் பேசவைக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, 181 பெண்கள் உதவி எண்ணைச் சொல்லுங்கள்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? யாராவது கடன் கேட்கும்போது, சுவரோரம் இருப்பவர் "இல்லக்கா, எனக்கு இது சரியாப் படல" என்கிறாரா, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். கூட்டம் கலையும்போது ஒவ்வொரு மடியிலும் எத்தனை கொட்டை மிச்சம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.