வீட்டு மின்சிக்கனமும் படிநிலைக் கட்டணமும்

வீட்டு மின்சிக்கனம் என்பது தேவையான வசதிகளைக் கைவிடாமல், வீணாகும் மின்சாரத்தைத் தவிர்த்துப் பயன்பாட்டையும் கட்டணத்தையும் குறைப்பதாகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கான மின்கட்டணம் படிநிலை முறையில் கணக்கிடப்படுகிறது. பயன்பாடு கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும். ஆகவே ஒரே அளவு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் இரண்டு வீடுகளுக்குக் கிடைக்கும் பண மிச்சம் ஒன்றாக இருப்பதில்லை. எந்தக் கருவியை மாற்றுவது, எதற்குப் பணம் செலவிடுவது என்று முடிவு செய்யும் முன் இக்கணக்கை அறிந்திருப்பது நல்லது.

யூனிட் கணக்கு

1,000 வாட் திறனுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட். கருவியின் வாட் அளவை அது இயங்கும் மணிகளால் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். 75 வாட் மின்விசிறி நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், 60 நாட்களில் 67.5 யூனிட் செலவாகும். 2,000 வாட் கீசர் அரை மணி நேரத்திலேயே ஒரு யூனிட்டை எடுத்துவிடும். வாட் அளவு சிறியதாக இருந்தாலும் நெடுநேரம் இயங்கும் கருவியும், சிறிது நேரமே இயங்கினாலும் வாட் அளவு பெரிதாக உள்ள கருவியும் கணக்கில் முக்கியமானவை.

படிநிலைக் கட்டணம்

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீதங்களின்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய், 401 முதல் 500 வரை 6 ரூபாய். மொத்தப் பயன்பாடு 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் 4.50 ரூபாய் கட்ட வேண்டும். 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய். அதற்கு மேல் வீதம் இன்னும் உயரும்.

இதன்படி 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அதாவது அந்த ஒரு யூனிட்டால் கூடும் தொகை 233 ரூபாய். பிற்பாடு வீதங்கள் உயர்த்தப்பட்டாலும் படிநிலை முறை தொடர்கிறது.

ஒரே மிச்சம், வெவ்வேறு பயன்

ஒரு வீட்டில் 75 வாட் விசிறிகள் இரண்டு நாளுக்கு 15 மணி நேரம் ஓடுகின்றன என்று கொள்வோம். அவற்றுக்குப் பதிலாக 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகளைப் பொருத்தினால் இரண்டு மாதங்களுக்கு 81 யூனிட் மிச்சமாகும்.

560 யூனிட் செலவாகும் வீட்டில் இது பயன்பாட்டை 479 ஆக இறக்கும். 2022 வீதப்படி கட்டணம் 2,430 ரூபாயிலிருந்து 1,599 ரூபாயாகக் குறையும். மிச்சம் 831 ரூபாய். யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கும் மேல். 181 யூனிட் செலவாகும் வீட்டிலோ அதே 81 யூனிட்டுக்கு 182 ரூபாய் மட்டுமே மிச்சமாகும்.

விசிறி ஒன்றின் விலை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் இதே அளவு பயன்பாடு இருக்கும் முதல் வீட்டில் போட்ட பணம் ஒன்றேகால் ஆண்டுக்குள் திரும்பிவிடும். இரண்டாம் வீட்டில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகும். குறைவாகப் பயன்படுத்தும் குடும்பம் ஓடும் விசிறியைக் கழற்றிப் புதியது வாங்க வேண்டியதில்லை. பழையது பழுதாகும்போது மாற்றினால் போதும். அதுவரை செலவில்லாத பழக்கங்களே அவ்வீட்டுக்கு ஏற்றவை.

கருவிகள் வாரியாகச் சிக்கனம்

குளிரூட்டி: பல வீடுகளைக் கோடையில் 500 யூனிட்டுக்கு மேல் தள்ளுவது ஏ.சி.தான். சராசரியாக 1,000 வாட் இழுக்கும் ஏ.சி. இரவில் 8 மணி நேரம் ஓடினால் 60 நாட்களில் 480 யூனிட் செலவாகும். வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது இந்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் மதிப்பீடு. 24 அல்லது 26 பாகையில் வைத்து, உடன் விசிறியையும் மெதுவாக ஓடவிடலாம். வடிகட்டியைத் தவறாமல் கழுவ வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி: இது நாள் முழுவதும் இணைப்பில் இருப்பது. கதவின் ரப்பர் தளர்ந்தால் குளிர் வெளியேறி மோட்டார் அதிக நேரம் ஓடும். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுக்கும்போது அது எளிதாக வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும். பெட்டிக்கும் சுவருக்கும் இடைவெளி தேவை. சூடான உணவை ஆறிய பின்பே உள்ளே வைக்க வேண்டும்.

விளக்கு: 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை ஏறத்தாழ 9 வாட் எல்.இ.டி. விளக்கு தந்துவிடும். விலையும் குறைவு என்பதால் இம்மாற்றம் எல்லா வீடுகளுக்கும் ஏற்றது.

காத்திருப்பு நிலை: ரிமோட்டில் மட்டும் அணைக்கப்பட்ட கருவிகள் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். செட்டாப் பெட்டி ஒன்று 10 வாட் இழுத்தால் 60 நாட்களில் 14.4 யூனிட் போய்விடும். சுவிட்சிலேயே அணைப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

நட்சத்திரக் குறியீடு

எரிசக்தித் திறன் பணியகம் 2006இல் நட்சத்திரக் குறியீட்டைத் தொடங்கியது. நட்சத்திரம் கூடினால் மின்செலவு குறைவு. ஆனால் ஒரே வகை, ஒரே கொள்ளளவு உள்ள கருவிகளைத்தான் இவ்வாறு ஒப்பிட வேண்டும். ஐந்து நட்சத்திரப் பெரிய குளிர்சாதனப் பெட்டி, மூன்று நட்சத்திரச் சிறிய பெட்டியைவிட அதிக மின்சாரம் எடுக்கக்கூடும். ஆகவே குறியீட்டில் அச்சிடப்பட்டுள்ள ஆண்டு யூனிட் அளவையும் பார்த்து வாங்க வேண்டும்.

மின்மானியைக் கவனித்தல்

கணக்கெடுத்த நாளின் அளவு மின்கட்டண அட்டையிலோ ரசீதிலோ இருக்கும். முப்பதாம் நாளில் மின்மானியைப் பார்த்து அந்த அளவைக் கழித்தால் பாதிக் காலத்தின் பயன்பாடு தெரியும். அது 250ஐத் தாண்டியிருந்தால், அதே வேகத்தில் போனால் மொத்தம் 500ஐத் தாண்டும். அப்போது மீதி முப்பது நாட்களில் ஏ.சி., கீசர் போன்ற பெரிய கருவிகளின் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. முதியவர்களும் குழந்தைகளும் உள்ள வீடுகளில் கடும் வெயில் நாட்களில் விசிறியையோ ஏ.சி.யையோ நிறுத்துவது சிக்கனமாகாது. அங்கே மிச்சத்தை வேறு கருவிகளில் தேடுவதே முறை.