வாதுமையும் பீச்சும்: ஓரினத்து இரு மரங்கள்

பண்டிகைப் பலகாரங்களிலும் பாயசத்திலும் சேரும் வாதுமைப் பருப்பை, அதாவது பாதாம் பருப்பை, அறியாதார் இலர். பீச் என்னும் பழமும் இன்று நம் நகரத்துக் கடைகளில் கிடைக்கிறது. இவற்றைத் தரும் இரு மரங்களும் நெருங்கிய உறவின என்பதைப் பலர் அறியார். செர்ரி, பிளம் ஆகியவற்றை உள்ளடக்கிய 'புரூனஸ்' என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை இவை. ரோசாச் செடியும் இவற்றின் குடும்பமே.

பீச் சீன நாட்டில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிரிடப்பட்டது. பாரசீகத்தின் வழியே ஐரோப்பாவை அடைந்தமையால், 'பெர்சிக்கா' என்னும் பெயர் பெற்றது. வாதுமையோ மேற்கு, நடு ஆசியப் பகுதிகளுக்கு உரியது. இன்று உலக வாதுமையில் ஏறத்தாழ 80 விழுக்காடு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் விளைகிறது. இரு மரங்களும் பூப்பதற்குக் குளிர்காலம் வேண்டும். ஆதலால் நம் தோட்டப்புறங்களில் அவற்றைக் காண்பதற்கில்லை.

குளிர்காலம் கழிந்ததும், இலை துளிர்க்கும் முன்பே இரண்டும் வெண்மை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் பூத்துக் குலுங்கும். இலைகளும் இரண்டிற்கும் நீண்டு குறுகியவை. பீச்சையும் வாதுமையையும் கலந்து உண்டாக்கிய கலப்பின அடிமரத்தில் பீச்சை ஒட்டுக்கட்டி வளர்ப்பதும் உண்டு. நம் ரப்பர்க் கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டுவது போன்றதே அது.

வேற்றுமை கனியில்தான் விளங்குகிறது. மாங்கனியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தோல், அடுத்துச் சதை, நடுவில் கொட்டை, கொட்டைக்குள் பருப்பு. இவ்விரு கனிகளின் அமைப்பும் அதுவே. பீச்சின் சதை சாறு நிறைந்து இனிக்கும். அதை உண்டு கொட்டையை எறிகிறோம். வாதுமையின் சதை முற்றியதும் உலர்ந்து, தோல்போல் கடினமாகி வெடிக்கும். அதை நீக்கிக் கொட்டையை உடைத்துப் பருப்பை உண்கிறோம்.

அப்படியானால் பீச்சின் பருப்பையும் உண்ணலாமே என்று கேட்கத் தோன்றும். உண்ணலாகாது! அதில் அமிக்டலின் என்னும் கசப்புப் பொருள் உள்ளது. பருப்பை மெல்லும்போது அது சயனைடு நஞ்சை வெளிவிடும். காட்டு வாதுமையும் அவ்வாறே கசப்பும் நஞ்சும் உடையது. இனிப்பு வாதுமை தோன்றியதற்கு ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றமே காரணம் என்று 2019ஆம் ஆண்டில் அறிவியலார் கண்டறிந்தனர். அம்மரங்களையே நம் முன்னோர் தேர்ந்தெடுத்து வளர்த்தமையால் நமக்கு நல்ல பருப்பு கிடைத்தது.

மாணவர்களே, நீங்கள் பொறுக்கி விளையாடும் ரப்பர்க் கொட்டையின் பருப்பிலும் சயனைடு நஞ்சைத் தரும் பொருள் உண்டு. மரவள்ளிக்கிழங்கை நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும் என்று வீட்டுப் பெரியோர் சொல்வதும் இதனாலேயே. ஆகவே, உருவத்தில் ஒத்திருக்கிறது என்பதற்காக எந்தக் கொட்டையையும் உடைத்துத் தின்னாதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கேட்டறிந்த பின்னரே வாயிலிடுங்கள். பெற்றோரும் சிறு பிள்ளைகளின் கைக்கு இக்கொட்டைகள் எட்டாதவாறு பார்த்துக்கொள்வது நலம்.

– தலைமையாசிரியர்